ரசலையனின் கேடான ரத்தம்

"இன்னொருக்க ரத்தம் எடுக்கணுமாம். முந்தாநாள் எடுத்தது கேடாயிட்டாம்."

அடுக்களையிலிருந்து மனைவி லில்லிபாய் சொன்னதைக் கேட்டு, சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த ரசலையன் அப்படியே நின்றார். கருங்கல் சந்தைப் பக்கம் பைப்பும் மோட்டாரும் விற்கிற கடைக்காரர் அவர். பழுதான சரக்கு என்ற பேச்சையே பொறுக்காதவர்.

"எது கேடாயிட்டு? எனக்க ரத்தமா?"

"குழாயில கட்டி புடிச்சிட்டாம். லேபுல இருந்து போன் வந்தது. நாளைக்குக் காலத்த அந்தப் பிள்ள வரும். இன்னைக்கு ராத்திரி ஏழு மணிக்கு மேல ஒண்ணும் திங்கப்பிடாது."

அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. கடையடைத்ததும் முக்குக் கடையில் பொறோட்டாவும் மாட்டுக்கறி வறுவலும் தின்றுவிட்டுத்தான் அவர் வீட்டுக்கு வருவார். சுகரும் கொழுப்பும் ஏறிக் கிடக்கிறது என்று டாக்டர் திட்டியபோதுகூட அந்த வழக்கத்தை விடவில்லை. ஆனால் ரத்தம் எடுக்கிறார்கள் என்றால் மட்டும் பயம். அளவு கூடிவிட்டால் டாக்டர் தினமும் ஊசி போடச் சொல்லிவிடுவாரே. அதனால் முந்தின ராத்திரி பச்சைத் தண்ணீரோடு படுத்துவிடுவார்.

"ஒரு குழாய் ரத்தத்தக் கொண்டுசேக்கத் தெரியாதவளுக்கு எவன் வேலை குடுத்தான்?" என்று அன்றைக்கு ராத்திரி முழுக்கப் புலம்பினார்.

காலையில் ஸ்கூட்டரில் நீலப் பெட்டியோடு லேப் பெண் சுபிதா வந்தாள். கையில் ரப்பர் பட்டையைக் கட்டினாள்.

"முழுப் பேரு சொல்லுங்க அண்ணாச்சி."

"முந்தாநாளும் நீதானே குத்தின? பேரு தெரியாதா?"

"தெரியும். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் கேக்கணும். ஆளு மாறிரப்பிடாதுல்லா."

"பேரெல்லாம் ஒழுங்காத்தான் கேக்க. ரத்தத்த ஒழுங்காக் கொண்டுபோவத் தெரியல்லியே."

"நான் கொண்டுபோனதுல என்ன..."

"எதுத்துப் பேசாத."

அவள் நரம்பைத் தடவிப் பார்த்து ஒரே குத்தில் ரத்தம் எடுத்தாள். குழாயை மெல்ல மெல்லச் சாய்த்து நிமிர்த்தினாள்.

"அதப் போட்டுக் குலுக்காத."

"குலுக்கல்ல அண்ணாச்சி. உள்ள இருக்க மருந்தோட சேரணும். சாய்க்கலேன்னாதான் கட்டி புடிக்கும்."

"பின்ன போன தடவ ஏன் சாய்க்கல்ல?"

சுபிதா வாயைத் திறப்பதற்குள் அடுக்களையிலிருந்து குரல் வந்தது. "மக்கா, இங்க வா. ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போ."

உள்ளே பெண்கள் இருவரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். திரும்பி வந்த சுபிதா அவர் முகத்தைப் பார்க்காமல் பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். குற்றமுள்ள நெஞ்சு, வேறென்ன என்று நினைத்தார் ரசலையன்.

மறுநாள் லில்லிபாய் சொன்னாள். "வெயிலு பட்டு அணுவெல்லாம் உடைஞ்சிட்டாம். இன்னொருக்க வரணுமாம்."

வெயில்தானே, அதற்கு வழி பண்ணுகிறேன் என்று ரசலையன் சந்தைக்குப் போய் மீன்காரரிடம் பழைய தெர்மோகோல் பெட்டியும் ஐஸும் வாங்கிவந்தார்.

"ரத்தம் ஐஸுல நேராப் படப்பிடாது அண்ணாச்சி. எங்க பெட்டியில அதுக்குன்னு குளிர் வச்சிருக்கோம்" என்றாள் ரத்தம் எடுக்க வந்த சுபிதா.

"உங்க பெட்டிய நம்பித்தான் ரெண்டு தடவ போச்சே. இதுல வையி."

நீலப் பெட்டியை அப்படியே மீன்பெட்டிக்குள் இறக்கிவைத்து, கயிறு போட்டு ஸ்கூட்டரில் கட்டினார். சாயங்காலம் லில்லிபாய், "சாளை மீன் நாத்தம் அடிக்குன்னு லேபுல தொடமாட்டோம்னுட்டாவளாம்" என்றாள்.

ரசலையனுக்கு ரத்தம் கொதித்தது. நாளைக்கு நானே காவல் போகிறேன் என்றார். மறுநாள் சுபிதாவின் ஸ்கூட்டருக்குப் பின்னாலேயே பைக்கில் போனார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஹாரன் அடித்து, "பைய போ, உள்ள எனக்க ரத்தம் இருக்கு" என்று கத்தினார். ரோட்டில் போனவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். லேபில் குழாய் மிஷினுக்குள் போகிறவரைக்கும் கண்ணாடிக் கதவில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்.

அன்றைக்கு லில்லிபாய் சொன்னது: "மிஷினே கேடாயிட்டாம்."

அதற்குமேல் மனிதன் பொறுப்பானா? வியாபாரிகள் சங்கச் செயலாளர் நேசையனையும் கூட்டிக்கொண்டு காலையிலேயே லேபுக்குள் நுழைந்தார். முழங்கையில் பஞ்சை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க. நாலு தடவ எனக்க கையக் குத்தியாச்சு. நாலு தடவையும் கேடாக்கியாச்சு. பட்டினி கிடந்து குடுத்த ரத்தம்யா அது. இதோ நிக்காளே, இவளுக்க கைதான் காரணம். இவள இன்னைக்கே வேலைய விட்டு நிறுத்தணும். இல்லேன்னா நான் கலெக்டர்கிட்ட போவேன்."

லேப் முதலாளி அப்போதுதான் வந்திருந்தார். ஒன்றும் புரியாமல் சுபிதாவைப் பார்த்தார். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்து விழுங்கினாள். பிறகு முன்னால் வந்து ரசலையனின் சட்டைக் கையை மடக்கினாள்.

"நாலு தடவ குத்தியிருக்கேன். எங்கயாவது நீலம் பாஞ்சிருக்கா, வீங்கியிருக்கா, நீங்களே பாருங்க அண்ணாச்சி. குழந்தைகளுக்கே என்னத்தான் அனுப்புவாவ. எனக்க கையப் பத்தி மட்டும் பேசாதீங்க."

நேசையன் எட்டிப் பார்த்தார். கையில் ஒரு தழும்பும் இல்லை. "அது சரிதான் கேட்டியா" என்றார் ரசலையனிடம்.

"அத விடும். ரிசல்ட் எங்க? அதுக்குப் பதில் வேணும்" என்று இன்னும் உரக்கக் கத்தப்போன ரசலையனுக்குத் தொண்டை கட்டி இருமல் வந்துவிட்டது. யாரோ தண்ணீர் நீட்டினார்கள். அவர் குடிக்கிற நேரத்தில்தான் அந்த இடத்தில் அடுத்தவர் பேச வழி கிடைத்தது. கவுண்டரில் புதிதாகச் சேர்ந்திருந்த ஸ்மைலின் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு நல்ல மனசோடு சொன்னாள்:

"உங்க ரத்தம் ஒருநாளும் கேடாகல்லியே அண்ணாச்சி, நாலு ரிசல்ட்டும் அன்னன்னைக்கே வீட்டு அக்காவுக்குச் சொல்லியாச்சு, ரத்தம் எடுக்கதுக்கு முந்தின ராத்திரி மட்டுந்தான் நீங்க பொறோட்டாக் கடைக்குப் போகமாட்டீங்களாம், அதனால அடுத்த மாசம் முழுக்கவும் அக்கா இப்பவே புக் பண்ணிட்டாவ."