பானே புழுவின் குளம்பு

எங்கள் நாட்டில் மாடுகளுக்காக ஒரு வேலி உண்டு. கோமாரி நோய் தாண்டிவிடக் கூடாதென்று நாட்டின் குறுக்கே இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். வேலிக்கு ஒரு வாசல், வாசலுக்கு ஓர் அதிகாரி, அதிகாரிக்கு ஒரு விதி: பிளவுபட்ட குளம்புள்ள எந்த உயிரினத்தின் இறைச்சியும் கடக்கலாகாது. போன மாதம்வரை இதற்கு மாடு, ஆடு என்றுதான் அர்த்தம்.

பிறகு வாசல் அதிகாரி பட்லாங்கை, மரியாதையாகச் சொன்னால் ர்ரா பட்லாங்கை, தலைநகருக்கு மூன்று நாள் பயிலரங்குக்கு அனுப்பினார்கள். பல்லுயிர் என்பதுதான் இப்போது அலுவலகங்களில் மோஸ்தர். பூச்சியும் நண்டும் தேளும் மரவட்டையும் மாட்டுக்குச் சமமான உயிர்கள் என்று சொல்லிக்கொடுத்து, ஆளுக்கொரு பூதக்கண்ணாடியும் கொடுத்தார்களாம்.

திங்கட்கிழமை காலை எங்கள் பஸ் அந்த வாசலில் நின்றது. ம்மா செதுன்யா மடியில் ஒரு மூட்டை பானே புழு வைத்திருந்தார். மரத்தில் பொறுக்கி, குடல் பிதுக்கி, உப்புநீரில் அவித்துக் காயவைத்தது. ம்மா என்றால் அம்மா; பெற்றவளை மகள் பெயர் சேர்த்து அழைப்பது எங்கள் வழக்கம். அந்த மகள் செதுன்யா வேலிக்கு அந்தப் பக்கம் ஃபிரான்சிஸ்டவுனில் பிள்ளை பெற்று எட்டு நாள் ஆகிறது. வேறு எதையும் வாயில் வைக்காமல், அம்மா செய்த பானேதான் வேண்டும் என்று அழுகிறாளாம்.

"இது இறைச்சியா, ம்மா?" என்றார் அதிகாரி.

"பானே, ர்ரா. நீங்க சாப்பிடாததா?"

"நான் சாப்பிடறது வேற, அரசாங்கம் பாக்கறது வேற. குளம்பு எப்படி?"

"புழுவுக்கு ஏது குளம்பு?"

"அதைத் தீர்மானிக்கத்தான் என்னைப் போட்டிருக்காங்க."

படிவத்தில் கால்களுக்கு நான்கு கட்டங்கள்தான். புழுவுக்கோ பதினாறு கால். ஆகவே ஒரு புழுவுக்கு நான்கு படிவம் என்று முடிவாயிற்று. மாதிரிக்கு மூன்று புழு போதும் என்று பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தார். அரைமணி நேரம் உற்றுப் பார்த்தபின், 'முன்னங்கால்களில் ஒற்றை நகமே உள்ளது, பிளவு இல்லை, கடக்கத் தடையில்லை' என்று எழுதி முத்திரை குத்தினார். பஸ்ஸே கைதட்டியது.

கைதட்டலில் எழும்பிய ஈ ஒன்று அவர் பூதக்கண்ணாடிமேலேயே வந்து உட்கார்ந்தது. அவர் அதன் காலை வெகுநேரம் பார்த்தார்.

"ரெண்டு நகம். நடுவுல பிளவு."

"ஈ வேலிக்கு மேலயே பறந்துடுமே, ர்ரா" என்றார் டிரைவர்.

"பறக்கறது அது இஷ்டம். பஸ்ல போனா என் வாசல் வழியாப் போகுது."

பிளந்த பாதமுடைய ஒரு ஜீவன் உள்ளே இருக்கும்வரை பஸ் நகரக் கூடாது என்று உத்தரவாயிற்று. தேடினோம். இருக்கைக்கடியில் ஒரு காண்டாமிருக வண்டு, விளக்கில் அப்பிய வெட்டுக்கிளிகள், டிரைவரின் சோற்றுப் பாத்திரத்தில் ஒரு கரப்பான். எல்லாவற்றுக்கும் இரட்டை நகம். எல்லாவற்றையும் முறைப்படி ஒப்படைத்தோம். ஈயைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. இந்த ஜன்னலில் விரட்டினால் அந்த ஜன்னலில் வந்தது. வெயில் ஏறி, தகரக் கூரை கொதித்தது.

அப்போது பின்சீட்டில் டை கட்டிய ஒருவர், அந்த மூட்டைக்குத்தான் ஈ வருகிறது என்றார். கைதட்டிய யாரும் மறுக்கவில்லை. இறங்கிக்கொண்டால் நல்லது, அடுத்த பஸ் வரும் என்று ஆளாளுக்குச் சொன்னோம். அடுத்த பஸ் மறுநாள்தான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ம்மா செதுன்யா முத்திரைத் தாளை நீட்டினார். "எனக்குத்தான் அனுமதி குடுத்தாச்சே, ர்ரா."

"உங்களுக்குத் தடையே இல்ல, ம்மா. தாராளமாப் போகலாம். பஸ்தான் போக முடியாது."

மூட்டையை நான்தான் இறக்கிக் கொடுத்தேன், மரியாதையாக, இரண்டு கைகளாலும். அவர் எனக்கு நன்றி சொன்னார். அந்த நன்றியைக் கேட்க எனக்குக் கூசியது.

ஈயும் மூட்டையோடு இறங்கிவிட, அதிகாரி பஸ் சுத்தம் என்று எழுதி வாசலைத் திறந்தார். ஒரு மைல் தாண்டியிருக்க மாட்டோம், டைக்காரர் பெட்டியைத் திறந்து ஒரு டப்பா பானேயை எடுத்தார். பிறகு ஒவ்வொரு பையிலிருந்தும் ஒரு பொட்டலம் வந்தது. ஈக்களும் வந்தன. அவர் எனக்கும் ஒரு பிடி நீட்டினார். என் பையில் இருந்த பானேயை வெளியே எடுக்காமல், அவருடையதை வாங்கித் தின்றேன்.