ஊறுகாய் ஜாடியில் ஹோல்கரின் மருந்து

அன்புள்ள டெல்பர்ட்டுக்கு,

நான் உனக்கு விற்ற இரண்டு பெட்டித் தோட்டாக்களிலும் இருப்பது பல வகை கலந்துபோன வெடிமருந்து. ஒன்றையும் சுடாதே. இதைச் சொன்ன பிறகுதான் நலம் விசாரிக்கிறேன்: நானும் உன் அக்கா ஃபெர்னும் சுகம், மலைமேல் கூடாரத்தில் நீயும் இரண்டு கண், பத்து விரலோடு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அங்கே போன் எடுக்காது என்பதால், விடிந்ததும் சாமான் ஏற்றி வரும் கோவேறு கழுதைக்காரர் ஆம்புரோஸிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். சனிக்கிழமை வேட்டை தொடங்குமுன் உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

அடுத்தவன் அடைத்த தோட்டாவைச் சுடக்கூடாது என்று என் துப்பாக்கிக் கடையில் எத்தனையோ பேருக்குச் சொன்னவன் நான். ஆனால் காலமான ஹோல்கர் தன் வீட்டு நிலவறையில் அடைத்தது என்றால் இந்த ஊரில் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள். அவர் மேஜையில் ஒரு நேரத்துக்கு ஒரே மருந்து டப்பாதான் இருக்கும். மீந்ததை அதே டப்பாவில் கொட்டி, மூடி, அலமாரியில் வைத்த பிறகுதான் அடுத்ததைத் தொடுவார். அதனால் அவர் அடக்கம் முடிந்து ஒரு மாதம் கழித்து, அவர் மனைவி இனெஸிடம் நிலவறையில் இருந்த தோட்டாக்களை மலிவாக வாங்கினேன். உனக்கு அவ்வளவு மலிவாக விற்கவில்லை. சொந்தம் வேறு, வியாபாரம் வேறு.

இன்று மதியம் மிச்சச் சாமானுக்கு விலை பேசப் போனேன். இனெஸ் காபியும் ஆப்பிள் கேக்கும் வைத்தாள். மருந்து டப்பாக்கள் எங்கே என்று கேட்டேன். பெருமையாக ஒரு பெரிய ஊறுகாய் ஜாடியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள்.

"எல்லா டப்பாவுலயும் அடியில கொஞ்சம் கொஞ்சம் கெடந்துச்சு. மாவு மீந்தா ஒண்ணாத்தானே கொட்டி வைப்போம்? அவரை அடக்கம் பண்ணின மறுநாளே கொட்டிட்டேன்."

நான் கேக்கைத் தட்டில் வைத்துவிட்டேன். கைத்துப்பாக்கி மருந்து படக்கென்று எரியும். ரைஃபிள் மருந்து நின்று எரியும். இரண்டும் சேர்ந்தால் என்ன செய்யும் என்று செய்தவனுக்கே தெரியாது. சில தோட்டா ஒழுங்காகப் போகும், அதை நம்பி அடுத்ததைப் போடுவாய், துப்பாக்கியின் பின்பக்கம் பிரிந்து உன் முகத்துக்குள் வரும். புல்வெளியில் தூவிவிடு இனெஸ், புல்லுக்கு நல்ல உரம், எல்லாரும் அப்படித்தான் செய்கிறோம் என்றேன். அவர் பொருளைப் புல்லுக்குப் போட மனசு வரவில்லை என்றாள்.

அப்போது தரைக்குக் கீழே அந்தச் சத்தம் கேட்டது. கிரீச். டக். கொஞ்சம் இடைவெளி. மறுபடி கிரீச். டக். தோட்டா அடைக்கும் இயந்திரத்தின் கைப்பிடியை இழுக்கிற சத்தம். இனெஸ் தலை நிமிராமல் எனக்கு இன்னொரு துண்டு வெட்டிக்கொண்டே, "வீட்டைச் சூடாக்குற கொதிகலன். பழசு" என்றாள். எந்தக் கொதிகலன், ஒவ்வொரு தோட்டாவுக்கும் மருந்து அளக்கிற நேரம் விட்டு, நின்று நின்று ஓடும்? கீழே போய்ப் பார்ப்பதில் எனக்கு என்ன லாபம் என்று யோசித்தேன். ஒன்றும் புலப்படவில்லை. கேக்கை முடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கடையில் மீதி வைத்திருந்த பெட்டியிலிருந்து ஒரு தோட்டாவைப் பிரித்து வெள்ளைத் தட்டில் கொட்டினேன். குச்சி, உருண்டை, தகடு, மூன்று விதத் துகளும் கலந்து கிடந்தன. மருந்தைக் கலந்தது அடக்கத்துக்கு மறுநாள். அப்படியென்றால் இந்தத் தோட்டாவை அடைத்தது அதற்குப் பிறகு. அடைக்கத் தெரிந்தவர் அப்போது மண்ணுக்குக் கீழே இருந்தார். ஃபெர்னிடம் சொன்னேன். "அந்த மனுசனுக்குச் செத்தும் கை சும்மா இருக்காது" என்றாள். பிறகு, "ஆனா ஹோல்கர் செத்தாலும் மருந்தைக் கலக்க மாட்டாரே. அங்க வெளிச்சம் பத்தலையோ என்னமோ" என்றாள். அதன் பிறகு எங்கள் வீட்டு நிலவறைக்கே நான் போகவில்லை.

ஆம்புரோஸிடம் கம்பெனித் தோட்டா ஒரு பெட்டி கொடுத்திருக்கிறேன், இனாம். நான் இனாம் கொடுக்கிறேன் என்றால் விஷயம் எவ்வளவு பெரியது என்று புரிந்துகொள். மலை உன்னை முழுசாகத் திருப்பி அனுப்பட்டும். ஃபெர்ன் அனுப்பிய கம்பளிக் காலுறையைப் போட்டுக்கொள்.

உன் அத்தான்,
ஆர்லன்

பி.கு.: கடை பூட்டும் நேரத்தில் இனெஸ் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "நான்தான் அடைச்சேன் ஆர்லன். அந்தச் சத்தம் கேட்டுக்கிட்டே தூங்கிப் பழகிட்டேன், அது இல்லாம தூக்கம் வரல. இத்தனை வருசம் பக்கத்துல நின்னு பார்த்ததுல எல்லாம் தெரியும், மருந்து மட்டும் தெரியாது." ஆகவே மேலே எழுதிய பேய்க்கதையைக் கிழித்துப் போடு, சுடாதே என்பதை மட்டும் வைத்துக்கொள். இன்று சத்தம் கேட்டபோது நீ என் எதிரே கேக் வெட்டிக்கொண்டிருந்தாயே என்று அவளிடம் கேட்டேன். அவள் ஜாடியை என் பக்கம் நகர்த்தினாள். பிறகு விலை பேச ஆரம்பித்தாள். ஜாடி எனக்கு, நாளை புல்லுக்குப் போகும். இயந்திரம் அவளுக்கு, மருந்தில்லாத வெறும் தோட்டாக் கூட்டை மட்டும் வைத்து இழுக்கலாம். இதற்கு நான் அவளுக்குத் தர வேண்டியது எண்பது டாலர். கீழே சத்தம் கேட்டால் நான் இறங்கிப் பார்க்க வேண்டியதில்லை என்பதையும் சேர்த்துத் தொண்ணூறுக்கு முடித்தோம்.