பத்து ஆல்பங்களும் என் மச்சானின் காதும்

அன்பும் மரியாதையும் நிறைந்த மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம், என் முழங்காலும் ஓரளவு நலம். அங்கு தங்கள் நலத்தையும், முக்கியமாகத் தங்கள் இரண்டு காதுகளின் நலத்தையும் அறிய ஆவலாக இருக்கிறேன். காதை மட்டும் ஏன் தனியாக விசாரிக்கிறான் என்று யோசிக்க வேண்டாம், கடிதமே அதைப் பற்றித்தான்.

பதினோரு மாதமாகப் பேசாத ஒருவருக்கு எப்படி எழுதுவது என்று தெரியாமல் ‘தாங்கள்’ என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் எனக்கு அது வரவில்லை. பதினேழு வயதில் என் புது டேப் ரெக்கார்டரைக் கழற்றிப் பார்த்து, மாட்டும்போது மூன்று திருகாணியை மிச்சம் வைத்தவனை எப்படித் தாங்கள் என்பது? இனிமேல் நீதான்.

அன்றைக்கு நடந்ததை என் பக்கத்திலிருந்து சொல்லிவிடுகிறேன். முப்பது வருஷமாக ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நீ வருவாய். ஹெவி மெட்டலோ பவர் மெட்டலோ, காதைப் பிளக்கும் மேல்நாட்டு ராக் ஆல்பம் ஒன்றை முதல் பாட்டிலிருந்து கடைசி வரை கேட்போம், பிறகு பீரோக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கும் பத்து ஆல்பப் பட்டியலில் அதற்கு எத்தனையாவது இடம் என்று சண்டை போடுவோம். இரண்டு பேரும் கையெழுத்துப் போடாமல் ஒரு ஆல்பமும் ஒரு படி ஏறவோ இறங்கவோ முடியாது. குழுக்களின் பெயர் நம் வாயில் நுழையாததால் அட்டைப் படத்தைப் பார்த்து நாமே பெயர் வைத்துக்கொண்டோம். உன் அக்கா, “கோர்ட் கூடிடுச்சா? அப்ப நான் உள்ள போறேன்” என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்வாள். அவள் இறந்த அடுத்த ஞாயிறும் நீ வந்தாய். அவளைப் பற்றி நாம் ஒரு வார்த்தை பேசவில்லை, ஒரு டிரம்மரைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினோம். அதற்கு நான் உனக்கு நன்றி சொன்னதே இல்லை.

அப்படிப்பட்ட நீ அந்த ஞாயிறு என்ன செய்தாய்? பனிமலைக்காரர்களின் புது ஆல்பத்தை மூன்றாம் இடத்தில் வைக்கலாமா என்று கேட்டேன். நீ கொதித்து எழுவாய் என்றுதான் கேட்டேன், அது மூன்றாம் இடத்துக்கு லாயக்கில்லை என்று எனக்கே தெரியும். நீயோ நாற்காலியில் சாய்ந்தபடி, “உங்க இஷ்டம் அத்தான்” என்றாய். சரி, முதலிடமே கொடுத்துவிடலாமா என்றேன். “உங்க இஷ்டம்.” பட்டியலையே கிழித்துவிடலாமா என்றேன். அதற்கும் அதே பதில். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. “இஷ்டம் இல்லாதவன் எதுக்கு வாராவாரம் வர்றே? அக்காதான் இல்லையே, எனக்காக ஒண்ணும் நீ கடமைக்கு வர வேணாம்” என்று சொல்லிவிட்டேன். நீ செருப்பை மாட்டிக்கொண்டு போனாய். கதவை அறைந்து சாத்தியிருந்தால் கூட மனசு ஆறியிருக்கும், நீ மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாய்.

அதன்பிறகு நான் பட்ட பாட்டைக் கேள். தனியாகக் கேட்டு, தனியாகவே வாதாடிப் பார்த்தேன். உன் நாற்காலியில் உட்கார்ந்து உன் கட்சியைப் பேசினேன், எழுந்துவந்து என் நாற்காலியில் உட்கார்ந்து பதில் சொன்னேன். மூன்று வாரம் தொடர்ந்து நீயே ஜெயித்தாய், அதனால் நிறுத்திவிட்டேன். பிறகு பார்சல் கொண்டுவந்த தபால்காரம்மாவை உள்ளே அழைத்து எலும்புத் தேரின் முதல் பாட்டைப் போட்டுக் காட்டினேன். அந்தம்மா நின்றபடியே அரை நிமிஷம் கேட்டுவிட்டு, “யாருக்குங்க என்ன ஆச்சு? நான் வேணும்னா ஆம்புலன்ஸுக்குச் சொல்லட்டுமா?” என்றார். கீழ்வீட்டுத் தையல்காரர் பரவாயில்லை, ஒரு ஆல்பம் முழுக்கக் கேட்டார். முடிந்ததும், “நல்லாத்தான் இருக்கு சார். ஆனா என் மெஷின் இந்தச் சத்தம் போட்டா நான் உடனே எண்ணெய் விட்டுருவேன்” என்றார். இவர்களிடம் எப்படிப் பட்டியலில் கையெழுத்துக் கேட்பது? ஞாயிறு வந்தால் பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை மச்சான். இரண்டு வாரம் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போய், பட்டறை பூட்டியிருப்பதைப் பார்த்துத் திரும்பிவந்தேன்.

இப்போது காதுக்கு வருகிறேன். காது மெஷினுக்கு அச்சு செய்வதுதான் என் பிழைப்பு என்பது உனக்குத் தெரியும். கிளினிக்கில் நோயாளியின் காதில் பசையை ஊற்றி, இறுகியதும் எடுத்து, சின்னப் பெட்டியில் வைத்து அனுப்புவார்கள். அதை வைத்து அந்தக் காதில் கச்சிதமாக உட்காரும் அச்சை நான் செய்து தருவேன். போன மாதம் ஒரு பெட்டி வந்தது. பெயர், வயது எழுதிய முதல் தாளை வைக்க மறந்துவிட்டார்கள், எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் கிராஃப் மட்டும் இருந்தது. பெட்டியைத் திறந்ததும் என் கை நின்றுவிட்டது. காதுக் குழிக்குக் கீழே குறுக்காக ஓடும் அந்த மடிப்பு உன் குடும்பத்துக் காது. வேலை பழகிய நாளில் உன் காதிலும் உன் அக்கா காதிலும் மாறி மாறிப் பசை ஊற்றித்தானே கற்றுக்கொண்டேன். அவள் இல்லை, ஆகவே அது நீ. கிராஃபைப் பார்த்தேன். கனத்த ஓசைகள் எல்லாம் சரியாகக் கேட்கின்றன, கீச்சுக் குரல் பக்கம் போகப் போகக் கோடு படிக்கட்டில் தடுக்கி விழுந்த மாதிரி கீழே போய்விட்டது. அப்போதுதான் புரிந்தது. பனிமலைக்காரர்களின் பாடகன் உச்சியில் நின்று அலறியது உனக்குக் கேட்கவே இல்லை. கேட்காததைப் பற்றி என்ன சண்டை போடுவாய், பாவம், “உங்க இஷ்டம்” என்றாய். காதையே தொழிலாக வைத்திருக்கும் நான் எதிரில் உட்கார்ந்திருந்தும் இதைக் கவனிக்கவில்லை.

பட்டறையில் ஒரு கருவி உண்டு. கிராஃபைக் கொடுத்தால் அந்த நோயாளிக்குக் கேட்பது போலவே நமக்கும் ஓசையைக் குறைத்துத் தரும். பத்து ஆல்பங்களையும் அதில் போட்டு உன் காதால் கேட்டேன். முப்பது வருஷமாக நான் முதலிடத்தில் வைத்திருந்த ஒற்றைக்கண் ராணியில் அந்தப் பாடகன் மேலே ஏறும் இடமெல்லாம் வெறும் மூச்சுதான் வருகிறது, ஆகவே அதை ஒன்பதாம் இடத்துக்கு இறக்கினேன். பனிமலைக்காரர்கள் பத்தாம் இடம், அவர்களுக்கு அது வேண்டியதுதான். எலும்புத் தேரில் தாளத்தட்டு போய்விட்டாலும் பெரிய டிரம் நெஞ்சில் இடிக்கிறது, நாலாம் இடம். கத்திச் சண்டைக்காரர்கள் ஆறிலேயே இருக்கட்டும், அவர்கள் எந்தக் காதிலும் ஆறுதான். கடைசியில் இரும்புக் கழுதையைப் போட்டேன். நீ எவ்வளவு கெஞ்சியும் ஏழாம் இடத்துக்கு மேல் நான் விடாத ஆல்பம், வண்டி மாடு மேடேறுவது போல இருக்கிறது என்று நான் கேலி செய்த ஆல்பம். மச்சான், அதில் ஒரு ஸ்வரம்கூடக் குறையவில்லை. அந்தக் கனத்த கிதார், அடித்தொண்டையில் பாடும் அந்த ஆள், எல்லாம் அப்படியே முழுசாக வந்தது. அதை முதலிடத்தில் எழுதி என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். பக்கத்தில் உன் இடம் காலியாக இருக்கிறது.

அரை நாளில் முடியும் அச்சை நாலு நாள் இழைத்தேன். முதலாளி எட்டிப் பார்த்து, “யாருக்குப்பா இது, இவ்வளவு பாலிஷ்?” என்றார். என் மச்சானுக்கு என்றேன். அது காதில் உறுத்தாது, நான் உத்தரவாதம். கேட்கவில்லை என்பதைச் சொல்லக் கூச்சப்பட்டு நீ ஒதுங்கியிருந்தால், அந்தக் கூச்சம் வேண்டாம், எனக்கு எல்லாம் தெரியும். வா.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். நீ நீண்ட ஆயுளோடும் நல்ல செவியோடும் இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் அத்தான்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் கிளினிக்கிலிருந்து அந்த விடுபட்ட முதல் தாள் வந்துவிட்டது. அந்தக் காது எழுபத்தொரு வயது அம்மாள் ஒருவருடையது. நமக்கு எந்த விதத்திலும் உறவில்லை. ஊரில் யாரோ ஒரு அம்மாளுக்கு உன் அக்காவின் காது இருக்கிறது, நான் அதை நாலு நாள் கையில் வைத்திருந்தேன், அவ்வளவுதான். ஆகவே உன் காது நன்றாகத்தான் இருக்கிறது. நீ அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னாய் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. நீ கடமைக்கு வந்தாய் என்று நான் சொன்னது தப்பு, மன்னித்துக்கொள். மேலே உள்ள பட்டியல் ரத்து செய்யப்படுகிறது. என் கையெழுத்தை அடித்துவிட்டேன். ஒற்றைக்கண் ராணி பழையபடி முதலிடம், இரும்புக் கழுதை பழையபடி ஏழு. இதற்கு ஆட்சேபணை இருந்தால் ஞாயிறு பத்து மணிக்கு நேரில் வந்துதான் சொல்ல வேண்டும், தபாலில் ஏற்கப்படாது.