மாப்பிள்ளைக்கு மட்டும்

காலை ஆறே காலுக்கு அவள் சமையலறைக்குள் வந்தபோது மருமகன் நாயின் பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான்.

தேநீர் அவனே போட்டுக்கொண்டது. டப்பா திறந்திருந்தது. மூடியில் அவள் கையெழுத்தில் ஓர் ஒட்டுத்தாள்: 'மாப்பிள்ளைக்கு மட்டும்'.

மேசைக்கு அடியில் நாய் உட்கார்ந்து அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. கை டப்பாவிலிருந்து கோப்பைக்கும் கோப்பையிலிருந்து வாய்க்கும் போனது. நாயின் தலையும் கூடவே போய் வந்தது.

அவளைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"அத்தை, இது எனக்காகவா செஞ்சீங்க?"

கண் லேசாகக் கலங்கியிருந்தது. கல்யாணமாகி மூன்று வருஷம். அவனை அவள் மாப்பிள்ளை என்று ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. மகளிடம் பேசும்போது 'உன் வீட்டுக்காரர்'. அவனிடமே பேசும்போது வெறும் 'நீங்க'.

"ஆமா," என்றாள்.

மாப்பிள்ளை என்பது நாயின் பெயர்.

வைத்தது அவள் கணவர். மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். குட்டியாக வந்த அன்றே அது இருப்பதில் நல்ல நாற்காலியில் ஏறிப் படுத்தது. எல்லோருக்கும் முன்னால் சாப்பிட்டது. வேலை எதுவும் செய்யவில்லை. அதைக் கோபித்துக்கொள்ளவும் யாருக்கும் மனம் வரவில்லை. "இவர்தான் இந்த வீட்டு மாப்பிள்ளை," என்றார் கணவர். பெயர் நிலைத்துவிட்டது. கூடவே மரியாதையும். 'வா' என்றால் வராது. "மாப்பிள்ளை, வாங்க" என்றால்தான் எழுந்திருக்கும்.

நிஜ மாப்பிள்ளை பிறகு வந்தவன். மகளாகத் தேடிக்கொண்டது. கல்யாணம் அவர்கள் இருக்கும் ஊரிலேயே நடந்தது. இந்த வீட்டுக்கு அவன் வருவது இதுதான் முதல் தடவை. மகள் முன்கூட்டியே போனில் சொல்லிவிட்டாள், தாங்கள் கிளம்புகிறவரை நாய்க்கு வேறு பெயர் இருக்கட்டும் என்று.

"அவர் மனசு கஷ்டப்படும்மா."

நாய் டைகர் ஆயிற்று. பாதிப் பல் போய், ஒரு கண்ணில் புரை விழுந்த டைகர். கூப்பிட்டால் திரும்பியும் பார்க்கவில்லை. வந்த அன்றே மருமகன் இரக்கத்தோடு கேட்டான், காது கேட்காதா என்று. வயசாச்சு என்றாள் அவள்.

எல்லாவற்றையும் மாற்றியவள் ஒட்டுத்தாளை மறந்துவிட்டாள்.

அவள் பள்ளி ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பெயர் ஒட்டாத புட்டியைத் தொடக் கூடாது என்பது அங்கே சட்டம். வீட்டிலும் அதே சட்டம்தான். உப்பு டப்பாவில் உப்பு என்றும் சர்க்கரை டப்பாவில் சர்க்கரை என்றும் ஒட்டியிருக்கும். 'மட்டும்' என்ற சொல் கணவருக்காகச் சேர்த்தது. அவருக்குச் சர்க்கரை வியாதி. டப்பாவைக் கண்டால் கை சும்மா இருக்காது.

நாய்க்குக் கணையத்தில் கோளாறு. போன வருஷம் படுத்துவிட்டது. எண்ணெய், வெண்ணெய், கொழுப்பு எதுவும் ஆகாது என்றார் டாக்டரம்மா. இந்த வயதில் இன்னொரு தடவை வந்தால் உடம்பு தாங்காது என்றும் சொன்னார். கடையில் விற்கும் பத்தியத் தீனியை அது மோந்துகூடப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டது. அப்போதுதான் அவள் சமையலில் இறங்கினாள். ஓட்ஸ் மாவு, வேகவைத்த மஞ்சள் பூசணி, தோலும் கொழுப்பும் எடுத்த கோழிக்கறி. உப்பில்லை, இனிப்பில்லை. பல தடவை தீய்ந்து, பல தடவை கல்லாகி, கடைசியில் ஒரு பதம் வந்தது. நாய் எழுந்து வந்து தின்றது. அன்றிலிருந்து அதைத் தவிர எதையும் தொடுவதில்லை.

இப்போது டப்பா பாதி காலி.

"உப்பு, சர்க்கரை எதுவுமே தெரியல அத்தை," என்றான் மருமகன். "பாசம் மட்டும்தான் தெரியுது." இன்னும் இரண்டு எடுத்துக்கொண்டான்.

உண்மையைச் சொல்லிவிட்டிருக்கலாம். அந்தக் குரல் தடுத்தது.

மூன்று வருஷமாக மகள் போன் செய்யும்போதெல்லாம் பின்னாலிருந்து அவன் குரல் கேட்கும்: "மாமியார் சாப்பிட்டாச்சா?" மகள் அவசரமாகச் சொல்வாள், "கேக்குறார்மா, நீ சாப்பிட்டியான்னு." சாப்பிட்டேன்னு சொல்லு என்பாள் இவள். போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பாள். கட்டிய கணவர் அவளை அப்படிக் கேட்டதாக அவளுக்கு நினைவில்லை.

அப்படிப்பட்டவனிடம் போய், நீங்கள் தின்றது நாயுடையது, நாய்க்கு வைத்த பெயர் உங்களுடையது என்று எப்படிச் சொல்வது.

மத்தியானம் இன்னொரு ஈடு சுட்டாள். மருமகன் பக்கத்தில் வந்து நின்றான். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மாவைத் தேய்த்தான். முன்கையில் நீளநீளமாகக் கீறல்கள். என்ன இது என்று கேட்டாள்.

"ரோஜாச் செடி அத்தை."

வாசலில் நின்றிருந்த மகள் துணி மடிக்க வேண்டும் என்று உள்ளே போய்விட்டாள்.

பிஸ்கட் வெந்து வெளியே வந்தது. சூடாக இருக்கும்போதே மருமகன் ஒரு தட்டு தின்றான். கருகியவை நாய்க்குக் கிடைத்தன.

அவள் கணவரிடம் போனாள். அவர் செய்தித்தாளை இறக்காமலே கேட்டுக்கொண்டார்.

"இதுல என்ன இருக்கு. அவருக்குத் தனியா செய், இவருக்குத் தனியா செய்."

"அவரு யாரு, இவரு யாரு?"

செய்தித்தாள் இறங்கியது. அவர் கொஞ்சம் யோசித்தார். "அதான் சிக்கல்," என்று சொல்லிவிட்டு மறுபடி தூக்கிக்கொண்டார்.

ஆனாலும் அப்படித்தான் செய்தாள். வெண்ணெயும் சர்க்கரையும் முந்திரியும் போட்டு மருமகனுக்கு ஒரு ஈடு. அது ஒட்டுத்தாள் இருந்த டப்பாவுக்குள் போனது. நாயுடையதை ஒரு பழைய டப்பாவில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். அதில் எதுவும் ஒட்டவில்லை. பெயரில்லாத டப்பா அந்த வீட்டில் இருந்தது அதுதான் முதல் தடவை. வைத்துவிட்டுத் திரும்பியபோது திருட்டு வேலை செய்ததுபோல் இருந்தது.

சாயங்காலம் அது பாதி குறைந்திருந்தது. கணவர் மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பேர் போட்டதைத்தானே தொடக் கூடாதுன்னே. இதுல பேரே இல்லையே," என்றார். சர்க்கரையும் இல்லை, தன் உடம்புக்கு ஏற்றது என்றார். இவ்வளவு நாள் இதைத் தன் கண்ணில் காட்டாமல் நாய்க்குப் போட்டிருக்கிறாளே என்று மனத்தாங்கல் வேறு.

வெண்ணெய் பிஸ்கட்டை மருமகன் ஒன்று தின்றான். நன்றாக இருக்கிறது என்றான். சுரத்தில்லை. பிறகு தாழ்ந்த குரலில், தன்னை விருந்தாளி மாதிரி நினைத்து வெண்ணெய் எல்லாம் போட வேண்டாம், முதலில் செய்ததே போதும் என்றான். தட்டில் மிச்சம் வைத்தால் அவள் மனம் நோகும் என்று நினைத்தான் போலிருக்கிறது. தட்டு காலியாகியிருந்தது. அவள் சந்தோஷப்பட்டாள்.

டைகர் என்ற பெயருக்குத்தான் நாயின் காது கேட்கவில்லை. மேசைக்கு அடியில் வருகிற வெண்ணெய்க்கு மூக்கு நன்றாகவே வேலை செய்தது.

மறுநாள் விடிந்ததும் நாய் கூடத்தின் நடுவில் முதுகை வளைத்து நின்று வாந்தி எடுத்தது. பிறகு நாற்காலிக்கு அடியில் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டது.

அவள் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். எல்லாம் மறந்துபோயிற்று.

"டாக்டர், மாப்பிள்ளை வாந்தி எடுத்துட்டார்."

பதற்றத்தில் விரல் எதிலோ பட்டு ஸ்பீக்கர் ஆனாகிவிட்டது. டாக்டரம்மாவின் குரல் வீடு முழுக்கக் கேட்டது. "கொழுப்பா எதையாவது தின்னிருப்பார். நான்தான் சொன்னேனே, மாப்பிள்ளைக்குக் கொழுப்பு ஆகாதுன்னு. உடனே தூக்கிட்டு வாங்க. கடிக்க வந்தா வாயைக் கட்டிடுங்க."

குளியலறை வாசலில் மருமகன் நின்றிருந்தான். வாயில் பிரஷ்.

"நான் நல்லாத்தானே இருக்கேன் அத்தை," என்றான் நுரையோடு.

டைகரைத்தான் சொன்னேன், டாக்டருக்குக் காது கேட்காது என்றாள் அவள். அந்த வீட்டைச் சுற்றி இத்தனை பேருக்குக் காது கேட்காதது அவனுக்கு விசித்திரமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. நாயைத் தூக்கிக்கொண்டு அவன்தான் முதலில் படியிறங்கினான்.

ஆஸ்பத்திரியில் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நாய் அவன் மடியில் நடுங்கிக்கொண்டிருந்தது. காதுக்குப் பின்னால் ஓரிடத்தை விரலால் மெல்லத் தேய்த்தான். நடுக்கம் குறைந்தது.

கதவைத் திறந்து உதவிப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"மாப்பிள்ளை உள்ள வரலாம்."

மருமகன் எழப்போனான். நாயும் தலையைத் தூக்கியது. அவன் மடியிலிருந்து நழுவி, தள்ளாடி, அந்தப் பெண்ணின் பின்னால் உள்ளே போயிற்று.

அவன் பாதி எழுந்தபடியே நின்றான். பிறகு உட்கார்ந்தான்.

உள்ளே ஊசி போட்டார்கள். மாத்திரைக்கு நாய் வாயைத் திறக்கவில்லை. டாக்டரம்மா முயன்றார், அந்தப் பெண் முயன்றாள், அவளும் முயன்றாள். மருமகன் உள்ளே வந்தான். கடைவாயில் கட்டைவிரலைக் கொடுத்து, மாத்திரையை நாக்கின் அடிவரை தள்ளி, வாயை மூடித் தொண்டையைத் தடவினான். இறங்கிவிட்டது.

"நல்ல கை," என்றார் டாக்டரம்மா. அவன் தரையைப் பார்த்தான்.

குளுக்கோஸ் ஏற்றினார்கள். சாயங்காலம் வரை பார்ப்போம், இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார்கள்.

பெஞ்சில் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பெயர், டைகர், ஒட்டுத்தாள், கடைசியில் பிஸ்கட். அவன் முகத்தைப் பார்க்காமல் எதிர்ச்சுவரைப் பார்த்துச் சொன்னாள்.



"அப்ப அந்த வெண்ணெய் பிஸ்கட்தான் எனக்கா?"

"ஆமா."

"அதை அவருக்குல்ல போட்டேன் அத்தை."

இரண்டு பேரும் மூடியிருந்த கதவைப் பார்த்தார்கள்.

"உங்களுக்குக் கோபம் இல்லையா?" என்று கேட்டாள்.

"கோபப்பட எனக்கு என்ன அத்தை யோக்கியதை இருக்கு."

எவ்வளவு பெரிய மனது என்று அவள் நினைத்துக்கொண்டாள். இப்படி ஒருத்தனையா மூன்று வருஷமாகத் தள்ளி வைத்தோம். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் நாய் கொஞ்சம் தண்ணீர் குடித்தது. வால் ஒரு தடவை தரையில் தட்டியது. நாளைக்கு அரை பிஸ்கட் கொடுக்கலாம் என்றார் டாக்டரம்மா.

"வாங்க மாப்பிள்ளை, வீட்டுக்குப் போகலாம்," என்றாள் அவள். இரண்டு பேரும் வந்தார்கள்.

அதன் பிறகு வீட்டில் சிக்கல் இல்லை. புதிதாக இரண்டு ஒட்டுத்தாள்கள் எழுதினாள். 'பெரிய மாப்பிள்ளை', 'சின்ன மாப்பிள்ளை'. முதலில் வந்தவர் பெரியவர். சின்ன மாப்பிள்ளை ஆட்சேபிக்கவில்லை. நாய்க்கு மாத்திரை கொடுப்பது அவன் வேலையாயிற்று. கணவருக்கும் ஒரு டப்பா கிடைத்தது. அதில் எதுவும் ஒட்டவில்லை, அவர் விருப்பப்படியே.

மகள்தான் என்னவோ போலிருந்தாள். அம்மா மருமகனை வாய் நிறைய மாப்பிள்ளை என்று கூப்பிடும்போதெல்லாம் எழுந்து வேறு அறைக்குப் போனாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

கிளம்புகிற அன்று மருமகன் பிஸ்கட் செய்முறையைக் கேட்டான். உப்பில்லாத, வெண்ணெய் இல்லாத அதே பிஸ்கட்தான். அவள் சொல்லச் சொல்லக் கவனமாகக் கேட்டுக்கொண்டான். பிறகு தயங்கினான்.

"கோழிக்குப் பதிலா மீன் போடலாமா அத்தை?"

"போடலாமே. உங்களுக்கு மீன் அவ்வளவு பிடிக்குமா?"

அவன் வாயைத் திறக்கும் முன் மகள் சொன்னாள், "உயிர்ம்மா." சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள்.

டாக்ஸி வந்தது. மருமகனும் கணவரும் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினார்கள். நாய் படிவரை போய் வழியனுப்பியது. அவள் பிஸ்கட் டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். மேசைமேல் அவன் மறந்து வைத்த போன் அடித்தது. 'எதிர்வீடு' என்று பெயர் வந்தது. வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்த ஆளாக இருக்கும். அவர் கீழே இருக்கிறார், இதோ கூப்பிடுகிறேன் என்று சொல்வதற்காக எடுத்துக் காதில் வைத்தாள்.

எதிர்முனையில் இருந்தவர் அவளைப் பேச விடவில்லை.

"சார், இன்னிக்குக் கண்டிப்பா வந்துடுவீங்கல்ல? உங்க மாமியார் நேத்துலேர்ந்து பாலைத் தொடவே இல்ல. பீரோ மேல ஏறி உட்கார்ந்துக்கிட்டுச் சீறுறாங்க, கிட்டப் போனா பிறாண்டுறாங்க. வாலைப் பிடிச்சு இழுத்துடட்டுமா?"