ஃபாதர் மந்திரித்த நேரமும் வௌவால் கிளம்பிய நேரமும்

கூச்சப்படுகிறவர்களை அடக்கமானவர்கள் என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அது தவறு. எங்களுக்கும் எல்லாவற்றைப் பற்றியும் அபிப்பிராயம் உண்டு. அது வாய்க்கு வந்து சேரும்போது எதிரே இருந்தவர் கிளம்பிப் போயிருப்பார், அவ்வளவுதான். மலேசியாவில், கூலிம் ஊரில் ஒரு தொழிற்சாலையில் வருடக்கணக்கில் வேலை செய்கிறேன். கம்பெனி பஸ்ஸில் என் வீட்டுப் பக்கம் வந்தால்கூட "நிறுத்துங்க" என்று சொல்ல மாட்டேன். வேறு யாராவது இறங்கும் இடத்தில் இறங்கி நடந்து வருவேன். (நடப்பது உடம்புக்கு நல்லது என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.)

எஸ்டேட்டை விட்டு வந்து நானும் என் கணவரும் ஊர் ஓரமாக ஒரு பழைய வீட்டை வாங்கினோம். ரொம்ப நாள் ஆள் இல்லாமல் கிடந்த வீடு. குடி வந்த பிறகுதான், ஆள்தான் இல்லையே தவிர வீடு காலியாக இல்லை என்று தெரிந்தது. பகலில் சிலிங்குக்கு மேலே கிரீச் கிரீச் என்று சத்தம். வாசலில் தினமும் அரிசி அரிசியாகக் கறுப்பு எச்சம். எலி என்றார் என் கணவர். ஒருநாள் பொழுது சாயும்போது அந்த எலிகள் கூரை இடுக்குகளிலிருந்து பறந்து போவதைப் பார்த்தோம். அதற்குப் பிறகு அவர் எலி என்று சொல்வதைக் குறைத்துக்கொண்டார்.

வௌவாலோடு காலம் தள்ளுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அவையும் என்னைப் போல அதிகம் பேசாதவை. ஆனால் மகள் ஸ்டெல்லாவின் கல்யாணப் பேச்சு குறுக்கே வந்தது. அவளும் வின்சென்ட் என்ற பையனும் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். பையனின் அம்மா ரோசலி அக்காதான் எங்கள் அன்பியத்துக்கு, அதாவது சுற்றுவட்டாரத்துக் கத்தோலிக்க வீடுகள் சேர்ந்து ஜெபிக்கும் குழுவுக்குத் தலைவி. அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை ஃபாதர் தீர்த்தம் தெளித்து உங்கள் வீட்டை மந்திரிக்க வருகிறாரே, அன்றைக்கு வந்து எல்லாம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருந்தார். முன்பு வேறொரு பெண் வீட்டில் சுவர்க் கடிகாரம் நின்றுபோயிருந்ததைப் பார்த்துவிட்டு, டீயைக்கூட முடிக்காமல் எழுந்து வந்தவர் அவர். வௌவால் அடையும் வீட்டுக்கு என்ன சொல்வார் என்று யோசிக்கவே எனக்குத் தைரியம் இல்லை.

என் கணவர் புகை போடலாம் என்றார், பிறகு மருந்து வைக்கலாம் என்றார். ஸ்டெல்லா இரண்டும் கூடாது என்றாள். வௌவாலைக் கொன்றால் சட்டப்படி குற்றமாகலாம், முதலில் வனவிலங்கு இலாகாவைக் கேளுங்கள் என்று நம்பரைக் கையில் கொடுத்துவிட்டு ஷிஃப்டுக்குப் போய்விட்டாள். என் கணவர் மலாயில் பேசினால் சண்டை போடுவது மாதிரி இருக்கும். ஆகவே நான் பேச வேண்டியதாயிற்று.

எடுத்த மலாய்க்கார அதிகாரி நல்ல மனிதர். பொறுமையாக விளக்கினார். எந்த இனம் என்று உங்களுக்குத் தெரியாது, அதனால் எதையும் கொல்லாதீர்கள், கையால் தொடாதீர்கள். பகலில் ஓட்டையை அடைக்காதீர்கள், உள்ளேயே மாட்டிச் செத்துப்போகும். குட்டிகள் இருந்தால் அவை பறக்கப் பழகும்வரை காத்திருங்கள். இல்லாவிட்டால், எல்லாம் வெளியே போன பிறகு சின்ன இடுக்குகளை அடைத்துவிட்டு, பெரிய ஓட்டை ஒன்றை மட்டும் விட்டு, அதன் மேல் வலையைத் தொங்கவிடுங்கள். அடியில் திறந்திருக்க வேண்டும். உள்ளே மிச்சம் இருப்பவை ஊர்ந்து இறங்கிப் பறந்துவிடும், திரும்பி நுழையத் தெரியாது. ஒரு வாரமாவது அப்படியே விட்டு, முழுக்கக் காலியான பிறகு மூடுங்கள். இதையெல்லாம் சொல்லிவிட்டு, "அடா சோவாலான்?" என்று கேட்டார், ஏதாவது கேள்வி உண்டா என்று.

எனக்கு ஒரு கேள்வி இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் வீடு நிறைய ஆட்கள் வருகிறார்கள், இதை இந்த வாரம் செய்யலாமா, அடுத்த வாரம் செய்யலாமா?

"தியாடா," என்றேன். இல்லை என்று அர்த்தம்.

புதன்கிழமை வேலையைத் தொடங்கினோம். வௌவால்கள் வெளியே போன பிறகு என் கணவர் முகத்தை மூடிக்கொண்டு சிலிங்குக்குள் ஏறி டார்ச் அடித்துப் பார்த்தார். குட்டி எதுவும் இல்லை. ஸ்டெல்லா படங்களை அதிகாரிக்கு அனுப்ப, அவரும் சரி என்றார். இடுக்குகளை அடைத்தோம். எந்த ஓட்டையை விடுவது என்று முடிவு செய்தவர் என் கணவர். வாசலுக்கு நேர் மேலே இருந்ததை விட்டு, அதில் வலையைத் தொங்கவிட்டார். பின்பக்கம் அதைவிடப் பெரியது ஒன்று இருந்தது, அதை அடைத்துவிட்டார். ஆனால் வாசல் பக்கம் என்றால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, காப்பி குடித்துக்கொண்டே வேடிக்கை பார்க்கலாமாம்.

அவர் சின்ன இடுக்குகளை அடைத்த நேரத்தில் பாதி வௌவால்கள் டார்ச் வெளிச்சம் எட்டாத மூலையில் ஒண்டிக்கொண்டு இன்னும் கிளம்பவே இல்லை என்பது எங்களுக்குத் தெரியவில்லை. அடுத்த இரண்டு நாளும் நல்ல மழை, ஒன்றுகூட வெளியே வரவில்லை. எல்லாம் போய்விட்டன என்று நினைத்துக்கொண்டேன். வலையை மறைக்க வாசலில் வண்ணக் காகிதத் தோரணம் கட்டினேன்.

சனிக்கிழமை மழை விட்டது. ஃபாதர் வருவதாகச் சொன்னது ஐந்து மணிக்கு. பாடாங் மேஹா பக்கம் ஒரு நோயாளிக்கு நற்கருணை கொடுக்கப் போனவர் வந்து சேரும்போது வெயில் இறங்கிவிட்டது. அன்பியத்து ஆட்கள் ஹாலில் நிறைந்திருந்தார்கள். ரோசலி அக்கா ஜெபமாலையை ஆரம்பித்தார். அவர் எதையும் குறைத்துச் சொல்பவர் அல்ல. ஒவ்வொரு பத்து ஜெபத்துக்கும் நடுவில் ஒரு பாட்டு. அந்தப் பாட்டுகளுக்கு நடுவில் சிலிங்கிலிருந்து கிரீச் என்று ஒரு சத்தம் வந்தது. ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடி, என்றைக்கும் இல்லாத பக்தியோடு ஜெபித்துக்கொண்டிருந்தார்.

இன்னும் வெளிச்சம் இருந்தது. முதலில் வாசலை மந்திரித்துவிட்டால் எல்லாரையும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிடலாம். "ஃபாதர், முதல்ல வாசல மந்திரிச்சிடலாமா?" இந்த ஒரு வரியைச் சமையலறையில் நின்று பலமுறை சொல்லிப் பார்த்தேன். பிறகு நேராக அவரிடம் போய், "ஃபாதர், டீ குடிக்கிறீங்களா?" என்று கேட்டேன்.

அப்புறம் குடிக்கிறேன் என்றார்.

அறை அறையாகத் தீர்த்தம் தெளித்தார். என் அலமாரிக்குக்கூட ஆசி கிடைத்தது. கடைசியாகத்தான் வாசலுக்கு வந்தார். எல்லாரும் வெளியே வந்து அரைவட்டமாக நின்றார்கள். பொழுது சரியாக வௌவால் கிளம்பும் பொழுது. ஃபாதர் நிமிர்ந்து, கையை உயர்த்தி, நிலைக்கு மேலே நன்றாக எட்டும்படி தீர்த்தத்தைத் தெளித்தார்.

தோரணம் ஆடியது. முதலில் ஒன்று வந்தது. பிறகு மூன்று நாளாக அடைந்து கிடந்த மொத்தக் கூட்டமும் அந்த ஒரே ஓட்டை வழியாக, ஃபாதரின் தலைக்கு மேலே கறுப்பாகக் கொட்டியது.

யாரும் ஓடவில்லை. ரோசலி அக்கா சிமெண்டுத் தரையில் அப்படியே முழங்காலிட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் முழங்காலிட்டார்கள். ஒருவர் அதிதூதர் மிக்கேலை உதவிக்குக் கூப்பிட்டார். ஃபாதர் உயர்த்திய கையை இறக்காமலே நின்றார். தான் என்ன செய்தோம் என்று அவருக்கே தெரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

கடைசி வௌவாலும் போனது. ரோசலி அக்கா மெதுவாக எழுந்தார்.

"ஏன் ஃபிலோ," என்றார் என்னிடம், "இத்தன பிசாசோடவா இவ்ளோ நாளா குடும்பம் நடத்துனீங்க?"

சொல்லிவிட்டு ஸ்டெல்லாவைப் பார்த்தார். என் மகளின் முகம் சுருங்கிப்போனது.

"பிசாசு இல்லக்கா, வௌவால் லா," என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பல வருடமாக அடைத்து வைத்த வாய். வலை எப்படித் தொங்க வேண்டும், அடியில் ஏன் திறந்திருக்க வேண்டும், பகலில் அடைத்தால் என்ன ஆகும், கொன்றால் என்ன குற்றம், குட்டி இருந்தால் ஏன் காத்திருக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். கணவர் எலி என்றதைச் சொன்னேன். காப்பியையும் நாற்காலியையும் சொன்னேன். (இதைச் சொல்லத் தேவையே இல்லை என்று அவர் இன்றைக்கும் வருத்தப்படுகிறார்.) பஸ்ஸில் இறங்க வெட்கப்பட்டு நடந்து வருவதையும் சொன்னதாக ஸ்டெல்லா பிறகு சொன்னாள். அது எப்படி உள்ளே வந்தது என்று எனக்கு நினைவில்லை.

முடித்தபோது மூச்சு வாங்கியது. ஃபாதர் கையை இறக்கிவிட்டு, அந்த வலை எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டார். கோயில் சிலிங்கிலும் இதே பிரச்சினையாம்.

ரோசலி அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க பேசுவீங்களா?"

நான் தலையாட்டினேன். பேச்சு தீர்ந்துபோயிருந்தது.

"இந்தம்மா நம்மகிட்ட ஒரு வார்த்த பேசலையே, சம்பந்தம் பண்ணிக்க இஷ்டம் இல்ல போலனுதான் நான் யோசிச்சிக்கிட்டு இருந்தேன்," என்றார். "வௌவாலுக்கே குட்டி இருக்கான்னு பாத்துட்டுதான் அனுப்பிருக்கீங்க. எம்புள்ளைய நல்லாதான் பாத்துக்குவீங்க. வாங்க, உள்ள போய் சாப்பிடுவோம்."

அடுத்த வாரம் ஓட்டையை மூடினோம். அதற்கு அடுத்த வருடம் கல்யாணம். விருந்து நடந்த மண்டபத்தில் பெண்ணின் அம்மா இரண்டு வார்த்தை பேசட்டும் என்று என் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். நான் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மைக்கில் என் மூச்சு மட்டும் கேட்டது. மாப்பிள்ளை வின்சென்ட் மேடையிலிருந்து குனிந்து, "அத்தை, வௌவால்," என்றான்.

மைக் அதையும் பிடித்துக்கொண்டது. மண்டபமே சிரித்தது. எங்கள் வீட்டு விசேஷங்களில் என்னைப் பேச வைக்க இன்றுவரை அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்கிறார்கள். அன்றைக்கும் நான் பேசினேன், கொஞ்சம் நீளமாகவே பேசினேன். மண்டபப் பொறுப்பாளர் ஒருவர் மட்டும் கடைசிவரை சிரிக்கவில்லை. நான் பேசி முடிக்கும்வரை நிமிர்ந்து சிலிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.