சயனைடு அண்ணாச்சியும் என் மிளகாய்த் தோட்டமும்

உண்மையைப் பேசிப் பேசியே கடையைக் காலி செய்த ஒரே மனுஷன், இந்த உலகத்தில் எங்கள் சயனைடு அண்ணாச்சிதான். அடித்துச் சொல்வேன். தென்காசியில் உரக்கடை வைத்திருந்தார். அதற்கு முன்னால் ஏதோ ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் வாத்தியார். சொந்தப் பெயர் கடைப் பலகையில் கொட்டை எழுத்தில் இருந்தது. யார் வாசித்தார்கள்?

சூடோமோனாஸ் பொடி கேட்டு யாராவது வந்தால் போதும், பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பாடத்தை ஆரம்பித்துவிடுவார்.

"இது மண்ணுல இருக்க பாக்டீரியா வே. இதுல சில சாதி சயனைடு விடும், தெரியுமா?"

"சயனைடா? என்ன அண்ணாச்சி சொல்லுதீய!"

"பயப்படாதேயும். இத்துனூண்டுதான், ஆளை ஒண்ணும் செய்யாது. வேரை அழுக வைக்குத பூஞ்சைக்கு மூச்சு முட்டும், பயிரு பொழைச்சுக்கிடும். ஆனா சாதி மாறிட்டுன்னா பயிருக்கே மூச்சு முட்டும். நல்லா யோசிச்சு வாங்கும்."

வந்தவர் நல்லா யோசித்து எதிர்க்கடைக்குப் போவார். அங்கே அதே பொடியை 'இயற்கை மருந்து' என்று ஒரே வார்த்தையில் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

நான் அப்போது சென்னையில் கம்ப்யூட்டர் வேலையை உதறிவிட்டு விவசாயம் பார்க்க வந்திருந்த மகா புத்திசாலி. அச்சன்புதூரில் இருந்த நிலம் மாமனாருடையது. ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர். "ஒரு போகம் பாருங்க மாப்ள. மிளகா காய்ச்சா இருங்க. இல்லேன்னா மூட்டையைக் கட்டிட்டு மெட்ராஸுக்கே கெளம்பிருங்க" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். மறுபடி அந்த ஆபீஸ் நாற்காலியில் போய் உட்கார எனக்கு மனசில்லை. களை எடுப்பதை நினைத்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். விவசாயத்தில் எனக்குப் பிடிக்காதது குனிவது ஒன்றுதான். மற்றபடி நடவு செய்த நாளிலிருந்து மோட்டாரைப் போட்டுப் பாசமாகத் தண்ணீர் பாய்ச்சினேன். அதற்கு ஒரு பொத்தானை அழுத்தினால் போதுமே.

குனியாமல் களை ஒழிக்க அண்ணாச்சி வழி சொன்னார்.

"களை வேருல மட்டும் சயனைடு விடுத பாக்டீரியா கெடைச்சா எப்பிடி இருக்கும்? ஐந்தருவிப் பக்கம் தேடுவோம், வாரும்."

சீசன் நேரம். வந்ததற்கு அருவியிலும் குளித்துவிடலாமே என்று நான் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நின்றேன். அண்ணாச்சி ஒரு பழக்கடைக்குப் பின்னால் குத்த வைத்து, வளராமல் நோஞ்சானாக நின்ற புல்லாகப் பார்த்துப் பிடுங்கி, வேர்மண்ணைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏ அண்ணாச்சி, அங்கன என்ன செய்யுதீய?" என்றாள் கடைக்காரம்மா.

"சயனைடு எடுக்கேன் தாயி."

ரம்புட்டான் வாங்க நின்ற கூட்டம் பழத்தைப் போட்டுவிட்டுத் தெறித்தது. அந்தம்மா விளக்குமாற்றை எடுத்தாள். நாங்களும் ஓடினோம். குளிக்காமல், சொட்டச் சொட்ட எண்ணெயோடு தென்காசி பஸ்ஸில் ஏறினேன். என் பக்கத்தில் ஒருத்தரும் உட்காரவில்லை.

அந்த மண்ணில் இருந்ததைக் கருப்பட்டியும் கஞ்சித்தண்ணியும் ஊட்டி டிரம்மில் வளர்த்து, என் தோட்டத்தில் ஊற்றினார் அண்ணாச்சி. கோரைப்புல் ஜம்மென்று எழுந்தது. மிளகாய்ச் செடி மஞ்சளடித்துத் தலையைத் தொங்கப் போட்டது.

மாமனார் வந்தார். வரப்பில் நின்று மீசையைத் தடவினார்.

"டிக்கெட் போட்டுரலாமா மாப்ள?"

என் பக்கத்தில் நின்ற அண்ணாச்சி முன்னால் வந்தார்.

"அவரு மேல ஒரு தப்பும் இல்லய்யா. நான்தான் சயனைடு வச்சேன்."

தானாக வந்து இப்படி ஒப்புக்கொண்ட ஒருத்தனை மாமனார் தன் சர்வீஸிலேயே பார்த்திருக்க மாட்டார். பழக்கதோஷம், சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார்.

"ஏலே, யாருக்குலே வச்சே?"

"மிளகாய்க்குய்யா."

விஷயம் விளங்கிக் காலரை விடக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கடைசியில், "அடுத்த போகமும் பாருங்க மாப்ள. ஆனா இந்த ஆளு இனி தோட்டத்துல கால் வைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

போன உயிர் திரும்பி வந்தது எனக்கு. அண்ணாச்சியோ பொத்தான் அறுந்த சட்டையோடு நின்றார்.

"பாவம் நீங்க. பாக்டீரியா செஞ்சதுக்கு உங்க காலரைப் பிடிச்சிட்டாரு" என்றேன்.

"அது என்னத்தவே செஞ்சுது? சோதிச்சுப் பாத்துட்டேன், பொட்டு சயனைடு விடல. நீருதான் தண்ணியா ஊத்தி வேரை அழுக வச்சிட்டீரு."

"பின்ன ஏன் பொய் சொன்னீய?"

சட்டையை ஒரு கையால் மூடிக்கொண்டு, மறு கையால் ஒரு கோரையைப் பிடுங்கி வேரைப் பார்த்தார்.

"நீரும் போயிட்டா, நான் யாருட்டவே பேசுவேன்?"

மாமனார் உத்தரவை அவர் மீறியதில்லை. தோட்டத்தில் கால் வைக்க மாட்டார், வரப்போடு சரி. அங்கே உட்கார்ந்து பாக்டீரியா பற்றிப் பேசுவார், நான் குனிந்து களை பிடுங்குவேன். அவர் வராத நாளில் எனக்கு வேலை ஓடுவதில்லை.