தலைப்பிரசவமும் இ.எஸ்.ஐ. பிடித்தமும்

பொய் சொல்ல நிதானம் வேண்டும். எனக்கு அது கிடையாது. (வாய் மட்டும் உண்டு.)

திருத்தங்கலில் பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டும் சின்னக் கம்பெனி என்னுடையது. படிப்பு கையெழுத்தோடு சரி, ஆனாலும் முதலாளி. ஒரு சீசனுக்கு ஆள் சேர்த்ததில், இ.எஸ்.ஐ. கட்டியாக வேண்டிய அளவுக்குக் கம்பெனி பெரிதாகிவிட்டது. சம்பளத்தில் கொஞ்சம் பிடிக்க வேண்டுமாம், அதைவிடக் கூடுதலாக நான் போட வேண்டுமாம். (உருட்டுவது அவர்கள், கூடப் போடுவது நானா?)

ஆட்களில் மாரி மட்டும் கார்டு கேட்டுக் கெஞ்சினாள். தாயில்லாத பெண், தலைச்சன் பிள்ளை வயிற்றில். "கார்டு இருந்தா பிரசவத்துக்குச் செலவில்லம்மா. லீவுக்கும் சம்பளம் வருமாம்."

"பாப்போம்" என்றேன். பார்க்கிற எண்ணம் இல்லை.

இ.எஸ்.ஐ. ஆபீசர் சோதனைக்கு வந்தார். "இவங்கல்லாம் யாரும்மா?"

"எல்லாம் சொந்தக்காரக சார். ஒத்தாசைக்கு வந்திருக்காக."

"சம்பளம் வாங்கினா சொந்தக்காரங்களும் கணக்குத்தான்."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். "சம்பளமா? பெத்த பிள்ளைக்கு யாராவது சம்பளம் கொடுப்பாகளா?" என்று மாரியின் தோளில் கைபோட்டேன். "இவ என் மூத்த மக."

மாரியின் மாமியார் பேச்சிக்கும் எங்கள் கம்பெனியில்தான் வேலை. கையில் பசையோடு எழுந்து வந்தாள்.

"அப்பிடிச் சொல்லுங்க சம்பந்தி! தலைப்பிரசவம் தாய்வீட்டுச் செலவுல்லா? வளைகாப்பு என்னைக்கு வச்சிருக்கீக?"

குழாய் உருட்டும் சத்தம் நின்றுவிட்டது. ஆபீசர் பேனாவை மூடினார். "சொல்லுங்கம்மா, என்னைக்கு?"

வளைகாப்பு, ஆஸ்பத்திரி, தொட்டில், பிள்ளைக்கு அரைஞாண்... மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். இ.எஸ்.ஐ. எவ்வளவோ தேவலை.

"இவ மக இல்ல சார். ஆளு."

"மத்தவங்க?"

"அம்புட்டுப் பேரும் ஆளுதான்."

மாரிக்குக் கார்டு வந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு காசு கேட்கவில்லை. லீவுச் சம்பளமும் வந்தது. ஆனால் பிரசவத்துக்கு முன்னாலேயே, வளைகாப்புக்குப் பேச்சி என்னை விடவில்லை. "ஆபீசர் முன்னால சொன்ன வாக்கு. மாத்திப் பேசினா முதலாளிக்கு அழகா?"

முதலாளி என்றால் நான் விழுந்துவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். தாய் ஸ்தானத்தில் நின்று வளைகாப்பையும் நடத்தினேன். மிச்சம் பிடிக்கப் போனவளுக்கு இரண்டு செலவு.

இப்போதும் புதுச் சட்டம் வருகிறது, பிடித்தம் மாறுகிறது என்று யாராவது பேச்செடுத்தால் போதும். பேச்சி தலையைத் தூக்காமல் குழாயை உருட்டிக்கொண்டே கேட்பாள்:

"ஏன் சம்பந்தி, இந்த வருசம் நாங்க ஆளா, சொந்தமா?"